வசனம் எங்கே போச்சு? - சேலம் ஸ்டூடியோவிலிருந்து வீட்டுக் கணினியின் 5.1 வரை

புதிதாக 5.1 ஸ்பீக்கர் செட் வாங்கி வந்த வீட்டில் முதல் நாள் என்ன நடக்கும்? அட்டைப்பெட்டியைப் பிரித்து, ஐந்து சின்ன ஸ்பீக்கர்களையும் ஒரு பெரிய சப்ஊஃபரையும் அறை முழுக்கப் பரப்பி, கணினியின் பின்பக்கம் குனிந்து வயர்களைச் செருகி, படத்தைப் போடுவார்கள். பாட்டு அதிரும். சண்டைக்காட்சியில் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். ஆனால் கதாநாயகன் வாயைத் திறந்து பேசும்போது மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். சில வீடுகளில் வாய் அசையும், வசனமே வராது! "என்னப்பா பேசறான், ஒண்ணும் கேக்கலையே" என்று பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

உடனே எல்லோரும் செய்வது ஒன்றுதான். டிரைவரை அழித்துத் திரும்பப் போடுவது, அதுவும் சரிப்படாவிட்டால் விண்டோஸையே ஃபார்மட் செய்வது, கடைசியில் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது. பெரும்பாலும் ஸ்பீக்கரும் கெட்டிருக்காது, சவுண்ட் கார்டும் கெட்டிருக்காது. கோளாறின் வேர் வரலாற்றில் இருக்கிறது. சினிமாவின் ஒலி ஒரு வாயிலிருந்து இரண்டு வாய்க்கும், பிறகு ஆறு வாய்க்கும் போன கதையைத் தெரிந்துகொண்டால், காணாமல் போன வசனத்தைக் கண்டுபிடிப்பது எளிது. அந்தக் கதையில் சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் ஓர் இடம் உண்டு.

ஒரே வாய், ஒரே குரல்

1931-ஆம் ஆண்டு ஒலி வரலாற்றில் விசேஷமான ஆண்டு. மார்ச் மாதம் இந்தியாவின் முதல் பேசும் படமான ஆலம் ஆரா வந்தது. அக்டோபர் 31 அன்று தமிழின் முதல் பேசும் படம் என்று சொல்லப்படும் காளிதாஸ் வெளியானது. நாயகி டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பேசிய படம் அது. அப்படியும் மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். படம் பேசுகிறது என்பதே அதிசயம்!

அதே ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தில் ஆலன் பிளம்லைன் என்ற பொறியாளர் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். சினிமாவுக்குப் போன அவர், நடிகர் திரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தாலும் குரல் மட்டும் ஒரே இடத்திலிருந்து வருவதைக் கவனித்து, இதைச் சரிசெய்ய வழியிருக்கிறது என்று மனைவியிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. அவர் எழுதிய விண்ணப்பம்தான் இன்றைய ஸ்டீரியோவின் அடிப்படை. தமிழ்ப்படம் பேசத் தொடங்கிய வருடத்திலேயே, குரல் எந்தத் திசையிலிருந்து வரவேண்டும் என்ற கேள்வியும் பிறந்துவிட்டது.

திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பிய டி.ஆர்.சுந்தரம் நெசவை விட்டுவிட்டு சினிமாவுக்கு வந்தார். 1935-இல் சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். (திருச்செங்கோடு அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமானபோது அதற்குள் போனது.) 1937-இல் முதல் படமான சதி அகல்யா, 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும் படமான பாலன், 1940-இல் பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த உத்தம புத்திரன், 1956-இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான அலிபாபாவும் 40 திருடர்களும் என்று வரிசையாகப் படங்கள் வந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அந்த ஒரு வளாகத்திலிருந்து வெளியேறின.

இந்தக் கட்டுரைக்கு முக்கியமான படம் 1950-இல் வந்த மந்திரி குமாரி. எம்.ஜி.ஆர் நடிக்க, மு.கருணாநிதி வசனம் எழுதிய படம். ஜனங்கள் படம் 'பார்க்க' மட்டும் போன காலமல்ல அது, வசனம் 'கேட்க'ப் போன காலம். ஒரு வரி கேட்காமல் போனாலும் தியேட்டரில் கூச்சல் எழும்.

அந்த ஒலி எப்படி வந்தது? 35 எம்.எம் பிலிமின் ஓரத்தில், படத்துக்குப் பக்கத்தில், ஒரு மெல்லிய கோடு இருக்கும். குரலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப அந்தக் கோட்டின் வடிவம் மாறிக்கொண்டே போகும். புரொஜெக்டரில் ஒரு சின்ன விளக்கு அந்தக் கோட்டின் வழியே ஒளியைப் பாய்ச்சும். அந்தப் பக்கம் ஒரு ஒளிமின்கலம் அதை மின்சாரமாக்கும். அங்கிருந்து ஆம்ப்ளிஃபயர், பிறகு திரைக்குப் பின்னால் இருக்கும் ஸ்பீக்கர். திரையில் பொடிப்பொடியாகத் துளைகள் போட்டிருப்பது இதற்காகத்தான், குரல் அதன் வழியே வெளியே வரவேண்டும்.

அன்றைய ஆபரேட்டருக்குக் கோளாறு கண்டுபிடிப்பது சுலபம். சத்தம் சுத்தமாக இல்லையா? விளக்கு பியூஸ் போயிருக்கும். கரகரப்பா? கோட்டில் தூசி அல்லது கீறல். வாய் அசைவுக்கும் குரலுக்கும் பொருந்தவில்லையா? ஒலிக்கோடு அதற்குரிய படத்தைவிட சுமார் 20 பிரேம் முன்னால் இருக்கும்படி அச்சிடப்படும். பிலிமை மாட்டும்போது விடும் வளையத்தில் அளவு தப்பினால் குரல் முந்தும் அல்லது பிந்தும். ஒரு வினாடிக்கு 24 பிரேம் என்பதால் ஐந்தாறு பிரேம் தப்பினாலே கண்ணுக்கு உறுத்தும். வளையத்தைச் சரிசெய்தால் தீர்ந்தது.

ஒரே வாயாக இருந்தவரை வசனம் காணாமல் போக வழியே இல்லை. வந்தால் எல்லாம் வரும், போனால் எல்லாம் போகும்.

நடுவில் ஏன் ஒரு ஸ்பீக்கர்?

1933-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஃபிலடெல்ஃபியாவில் வாசித்த இசைக்குழுவின் ஒலியைத் தொலைபேசிக் கம்பிகள் வழியே வாஷிங்டன் அரங்கத்துக்கு அனுப்பினார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது மூன்று சேனல்கள்: இடது, நடு, வலது.

இரண்டு போதாதா? ஒருவர் மட்டும் சரியாக நடுவில் உட்கார்ந்து கேட்டால் போதும். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே குரல் ஒரே அளவில் வந்தால், அது நடுவிலிருந்து வருவதாகக் காது நம்பிவிடும். ஆனால் பெரிய அரங்கில் இடது ஓரம் உட்கார்ந்தவருக்கு இடது ஸ்பீக்கர்தான் பக்கம். அவருக்குக் குரல் முழுக்க இடப்பக்கம் ஒதுங்கிவிடும். எல்லோருக்கும் குரல் திரையின் நடுவிலிருந்தே கேட்கவேண்டும் என்றால் நடுவில் நிஜமாகவே ஒரு ஸ்பீக்கர் வேண்டும்.

சினிமா இதைப் பிடித்துக்கொண்டது. இசை இரண்டு பக்கமும் பரவும், வசனம் நடு ஸ்பீக்கருக்குப் போகும். இன்றைக்கு வீட்டில் வசனம் தொலைவதற்கு விதை போட்டது இந்த ஏற்பாடுதான்!

இரண்டு கோட்டுக்குள் நான்கு ஒலி

வால்ட் டிஸ்னி 1940-இல் ஃபேன்டேசியா படத்துக்குப் பல ஸ்பீக்கர் கொண்ட ஃபேன்டாசவுண்ட் என்ற முறையைச் செய்து பார்த்தார். செலவு தாங்கவில்லை, சில அரங்குகளோடு நின்றுபோனது. 1950-களில் காந்தப் பூச்சுத் தடங்கள் வந்தன. அதுவும் செலவு அதிகம்.

1970-களின் நடுவில் டால்பி நிறுவனம் ஒரு தந்திரம் செய்தது. பிலிமில் இருந்த அதே பழைய இடத்தில் இரண்டு கோடுகள் மட்டும் போட்டு, அதற்குள் இடது, நடு, வலது, பின் என்று நான்கு ஒலிகளை மடித்து வைத்தது. 1977-இல் ஸ்டார் வார்ஸ் படம் இந்த முறையை உலகம் முழுக்கப் பரப்பியது.

நான்கை இரண்டுக்குள் எப்படி வைப்பது? இரண்டு கோட்டிலும் ஒரே மாதிரி இருப்பது நடு ஸ்பீக்கருக்கு. ஒரு கோட்டில் அலை மேலே ஏறும்போது மற்றதில் கீழே இறங்கினால் அது பின் ஸ்பீக்கருக்கு. டீகோடர் பெட்டி இதைப் பார்த்துப் பிரித்து அனுப்பும். ரொம்ப மலிவான வழி. ஆனால் ஒரு ஆபத்தும் கூடவே வந்தது. இரண்டு வயரில் ஒன்றைத் திருப்பி இணைத்துவிட்டால் 'ஒரே மாதிரி' என்பது 'எதிர் மாதிரி' ஆகிவிடும். திரையிலிருந்து வரவேண்டிய வசனம் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும்!

தமிழிலும் இதே காலத்தில்தான் ஸ்டீரியோ நுழைந்தது. இளையராஜா இசையில் 1978-இல் வந்த ப்ரியா படத்தின் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவாகிப் புகழ்பெற்றன. 1986-இல் ரஜினிகாந்த் நடித்த மாவீரன் தமிழின் முதல் 70 எம்.எம் படமாக, ஸ்டீரியோ ஒலியுடன் வந்தது. 1995 தீபாவளிக்கு வந்த கமல்ஹாசனின் குருதிப்புனல் டால்பி எஸ்.ஆர் ஒலியில் வந்தது.

தட்டில் வந்த ஒலி

1992-இல் பேட்மேன் ரிட்டர்ன்ஸ் படத்தோடு டால்பி டிஜிட்டல், 1993-இல் ஜுராசிக் பார்க் படத்தோடு டி.டி.எஸ். இனி மடித்து வைக்கும் வேலை இல்லை. முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, அடிநாதத்துக்கு ஒன்று என்று ஒவ்வொன்றும் தனித்தனி. அடிநாதச் சேனல் சுமார் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை மட்டும் ஏந்துவதால் அதற்கு முழு எண் தராமல் '.1' என்றார்கள். 5.1 என்ற பெயர் இப்படி வந்ததுதான்.

1996-இல் வந்த கருப்பு ரோஜா தமிழில் டி.டி.எஸ் ஒலியோடு வந்த முதல் படம். டி.டி.எஸ்-இல் ஒலி பிலிமிலேயே இருக்காது, தனியே சி.டி. தட்டில் வரும். பிலிமில் புள்ளியும் கோடுமாக ஒரு நேரக்குறி மட்டும் இருக்கும். அதைப் படித்துக்கொண்டே கருவி தட்டிலிருந்து சரியான இடத்து ஒலியை எடுக்கும். குறி அழிந்துபோய்ப் படிக்க முடியாவிட்டால்? படம் ஊமையாகாது. கருவி தானாகவே பிலிமில் இருக்கும் பழைய ஒலிக்கோட்டுக்கு மாறிவிடும். பார்ப்பவர்களுக்குத் திடீரென்று சத்தம் சப்பையானது போலத் தெரியும். 'டி.டி.எஸ்னு போட்டிருக்கான், ஒண்ணும் அதிரலையே' என்று தோன்றினால் இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். டிஜிட்டல் ஒலி சிக்கலில் மாட்டும்போது பெரும்பாலும் செத்துப்போவதில்லை. சத்தமில்லாமல் ஒரு படி கீழே இறங்கி இரண்டு சேனலாகிவிடும். கணினியிலும் இதேதான் நடக்கிறது.

பதினோரு வருடத்தில் அறுபது வருடம்

சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ என்பவர் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் சவுண்ட் பிளாஸ்டர் கார்டைக் கொண்டுவந்தது. அது ஒற்றை ஒலி, மோனோ. 1991-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் ப்ரோ, ஸ்டீரியோ. 2000-இல் சவுண்ட் பிளாஸ்டர் லைவ் 5.1. சினிமா ஒற்றை ஒலியிலிருந்து 5.1-க்கு வர அறுபது வருடம் ஆனது. கணினி அதே பாதையைப் பதினோரே வருடத்தில் ஓடி முடித்துவிட்டது! அவசரமாக ஓடியதால் பழைய படிகள் எதுவும் அழியவில்லை. மோனோ, ஸ்டீரியோ, மடித்த ஒலி, தனித்தனி 5.1 எல்லாம் ஒரே பெட்டிக்குள் இன்றும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கோளாறு பிறப்பது இந்த அடுக்குகளுக்கு நடுவில்.

கணினியின் பின்பக்கத்து வண்ணத் துளைகளுக்கும் வரலாறு உண்டு. மைக்ரோசாஃப்டும் இன்டெலும் சேர்ந்து 1998-இல் வெளியிட்ட பி.சி.99 என்ற வழிகாட்டி ஸ்பீக்கருக்கு இளம்பச்சை, மைக்குக்கு ரோஜா, வெளியிலிருந்து வரும் ஒலிக்கு வெளிர்நீலம் என்று வகுத்தது. 5.1 பரவியபோது பின் ஸ்பீக்கருக்குக் கருப்பு, நடு ஸ்பீக்கர்-சப்ஊஃபர் ஜோடிக்கு ஆரஞ்சு என்று வழக்கமானது.

1997-இல் இன்டெல் ஏசி'97 என்ற தரத்தைக் கொண்டுவந்ததும் தனிக் கார்டு வாங்கவேண்டிய தேவை குறைந்தது, ஒலி மதர்போர்டிலேயே வந்தது. செலவைக் குறைக்கப் பல மதர்போர்டுகளில் மூன்றே துளைகள். அவற்றில் 5.1 வேண்டுமென்றால் நீலத் துளை பின் ஸ்பீக்கராகவும், ரோஜாத் துளை நடு-சப்ஊஃபராகவும் வேடம் மாறவேண்டும். வேடம் மாறச் சொல்வது மென்பொருளின் வேலை. அங்கே '2 சேனல்' என்று இருந்தால் ரோஜாத் துளை இன்னும் மைக்காகவே இருக்கும். அதில் ஸ்பீக்கரைச் செருகிவிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் சத்தம் வராது. அலிபாபா கதையில் குகை முன்னால் நின்று சரியான சொல்லைச் சொல்லாமல் கதவைத் தட்டுவது போலத்தான்!

கோளாறுகளும் அவற்றின் பூர்வீகமும்

*1. பின் ஸ்பீக்கர் பாடவே இல்லை.*
முதல் சந்தேகம் ஸ்பீக்கர் மேல் விழும். முதலில் கேட்கவேண்டிய கேள்வி வேறு: ஓடுகிற படத்தில் பின் ஒலி இருக்கிறதா? 2000-களில் தமிழ்நாடு முழுக்கப் புழங்கிய வி.சி.டி. 1993-ஆம் ஆண்டுத் தரம். அதில் இரண்டு சேனலுக்கு மட்டுமே இடம். எம்.பி.3 பாட்டும் இரண்டு சேனல்தான். அட்டையில் 'டி.டி.எஸ்' என்று எவ்வளவு பெரிதாக அச்சடித்திருந்தாலும் தட்டில் இல்லாதது ஸ்பீக்கரில் வராது. மென்பொருளில் 'ஸ்பீக்கர் ஃபில்' போன்ற வசதியைப் போட்டால் முன் ஒலியின் நகல் பின்னாலும் கேட்கும். அது சரவுண்ட் அல்ல, எதிரொலி.

*2. இசை வருகிறது, வசனம் வரவில்லை.*
கணினியில் '5.1' என்று தேர்ந்தெடுத்துவிட்டு இரண்டு ஸ்பீக்கர் மட்டும் வைத்திருந்தால் இப்படி ஆகும். கணினி வசனத்தை ஒழுங்காக நடு ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. அங்கே ஸ்பீக்கர் இல்லை! 'ஸ்டீரியோ' என்று மாற்றினால் நடுச் சேனலை இரண்டு பக்கமும் பங்கிட்டுக் கொடுத்துவிடும். ஐந்து ஸ்பீக்கரும் இருந்தும் வசனம் வரவில்லை என்றால் ஆரஞ்சு வயரைப் பார்க்கவேண்டும்.

*3. ஹெட்போனிலும் பாட்டு இருக்கிறது, பாடகர் இல்லை.*
பிளக் பாதி மட்டும் நுழைந்திருக்கும், அல்லது பொதுவயர் அறுந்திருக்கும். அப்போது காதுக்கு வருவது இடது வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும் குரல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். டால்பி பின் ஒலியைப் பிரிக்கச் செய்த அதே கணக்கு, இங்கே தவறுதலாக நடக்கிறது. பிளக்கை அழுத்திச் செருகினால் பாடகர் திரும்பிவிடுவார்.

*4. வசனம் சப்ஊஃபரிலிருந்து உறுமுகிறது.*
ஆரஞ்சு பிளக்குக்குள் நடுவும் சப்ஊஃபரும் சேர்ந்தே போகின்றன. எது முனையில், எது அடுத்த வளையத்தில் என்பதில் எல்லா ஸ்பீக்கர் செட்டும் ஒத்துப்போவதில்லை. இதற்காகவே ரியல்டெக் மென்பொருளில் இரண்டையும் இடம் மாற்றும் ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள். ஒரு டிக் போட்டால் முடிந்தது.

*5. வசனம் வேறு மூலையிலிருந்து வருகிறது.*
ஆறு சேனலை எந்த வரிசையில் அடுக்குவது என்பதிலும் உலகம் ஒற்றுமையாக இல்லை. விண்டோஸின் வேவ் கோப்பில் இடது, வலது, நடு, அடிநாதம், பின் இடது, பின் வலது. டால்பி டிஜிட்டலில் இடது, நடு, வலது என்று தொடங்கி அடிநாதம் கடைசி. ஏ.ஏ.சி. கோப்பில் நடுதான் முதலில். ஒரு மென்பொருள் இதை மாற்றி அடுக்க மறந்தால் வசனம் வலது ஸ்பீக்கருக்குப் போகும், இசையின் ஒரு பாதி நடுவில் வந்து உட்காரும். அந்த ஒரு கோப்பில் மட்டும் இப்படி இருந்தால் வயரைத் தொடவேண்டாம், வேறு பிளேயரில் போட்டுப் பார்க்கவேண்டும்.

*6. படம் ஓடுகிறது, சத்தமே இல்லை.*
விண்டோஸ் எக்ஸ்.பி.யில் டால்பி டிஜிட்டல் ஒலியைப் பிரிக்கும் மென்பொருள் கூடவே வரவில்லை. டி.வி.டி.யிலிருந்து எடுத்த கோப்புகள் ஊமையாக ஓடியது அதனால்தான். வி.எல்.சி. போல எல்லாவற்றையும் உள்ளேயே வைத்திருக்கும் பிளேயர்கள் அத்தனை பிரபலமானதற்கு இதுவும் ஒரு காரணம்.

*7. டிஜிட்டல் வயர் போட்டும் இரண்டு ஸ்பீக்கர்தான்.*
ஆப்டிகல் வயர் வழியே போகும் எஸ்.பி.டிஃப் இணைப்பு, சுருக்காத ஒலியில் இரண்டு சேனலை மட்டுமே ஏந்தும். சுருக்கப்பட்ட டால்பி அல்லது டி.டி.எஸ் மூட்டையாக அனுப்பினால்தான் 5.1 போகும். அதனால் சினிமா ஆறு ஸ்பீக்கரில் கேட்கும், கணினி விளையாட்டு இரண்டில் மட்டும் கேட்கும். 2002-இல் வந்த எச்.டி.எம்.ஐ. எட்டு சேனல்களைச் சுருக்காமலே ஏந்தியது, இந்தச் சிக்கல் அங்கே இல்லை.

*8. பழைய விளையாட்டுகளில் திசை தெரியவில்லை.*
2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டா, ஒலி வேலையைச் சவுண்ட் கார்டிடமிருந்து பிடுங்கித் தானே செய்யத் தொடங்கியது. கார்டை நம்பி எழுதப்பட்ட பழைய விளையாட்டுகள் சரவுண்டை இழந்தன. கிரியேட்டிவ் இதற்கென்று தனி மென்பொருளே வெளியிடவேண்டி வந்தது.

*9. 'ம்ம்ம்' என்ற இரைச்சல்.*
இது ஊர்சார்ந்த கோளாறு. டி.வி. டியூனர் கார்டில் கேபிள் வயரைச் செருகியிருந்தால், கேபிளின் எர்த்தும் வீட்டின் எர்த்தும் ஒன்றோடொன்று சேர்ந்து 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஸ்பீக்கரில் ஏறும். கேபிளைப் பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். 2008-இலிருந்து சில வருடங்கள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. மலிவான இன்வெர்ட்டர்களின் மின்சாரம் வளைவாக இல்லாமல் சதுரப்படியாக வரும், ஸ்பீக்கரின் டிரான்ஸ்ஃபார்மர் முனகும். கரண்ட் வந்ததும் முனகல் நின்றால் ஸ்பீக்கர்மேல் குற்றமில்லை. ஒன்று மட்டும் செய்யக்கூடாது: இரைச்சலை நிறுத்தப் பிளக்கின் எர்த் கம்பியை வெட்டுவது. இரைச்சல் போகும், கூடவே உயிருக்கு இருந்த காவலும் போகும்.

ஆபரேட்டர் வழி

இத்தனையையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பழைய ஆபரேட்டர் விளக்கிலிருந்து ஸ்பீக்கர் வரை வரிசையாகப் பார்த்தது போல இங்கேயும் ஒரு வரிசை உண்டு: கோப்பு, பிளேயர், விண்டோஸ் அமைப்பு, துளை, வயர், ஸ்பீக்கர்.

பாதியில் வெட்டிப் பார்ப்பதுதான் சுலபம். கன்ட்ரோல் பேனலில் சவுண்ட் பகுதிக்குப் போய் ஸ்பீக்கரைத் தேர்ந்து 'கான்ஃபிகர்' அழுத்தினால் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சோதித்துப் பார்க்கலாம். விண்டோஸ் 11 வரை இந்த வசதி இருக்கிறது. அந்தச் சோதனையில் ஆறும் சரியாக ஒலித்தால் குற்றம் கோப்பிலோ பிளேயரிலோதான், வயரைத் தொடவே வேண்டாம். ஒலிக்காவிட்டால் ஊமையாக இருக்கும் ஸ்பீக்கரின் வயரைப் பச்சைத் துளையில் செருகிப் பார்க்கவேண்டும். பாடினால் ஸ்பீக்கர் நல்லது, குற்றம் துளையிலோ அமைப்பிலோ. பாடாவிட்டால் மட்டும் கடைக்குப் போகலாம். இரண்டே சோதனை, ஐந்து நிமிடம். ஃபார்மட் செய்து ஒரு நாளைத் தொலைப்பதைவிட இது மேல் அல்லவா?

மறுபடியும் ஏற்காடு சாலை

டி.ஆர்.சுந்தரம் 1963-இல் மறைந்தார். அவருக்குப் பின்னும் சில காலம் படங்கள் வந்தன, பிறகு ஸ்டூடியோ நின்றது. வளாகம் இருந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. பழைய முகப்பு வளைவு மட்டும் சாலையோரம் மிஞ்சியது. அந்தக் கட்டடங்களுக்குள் பேசப்பட்ட வசனங்கள் இன்று பெரும்பாலும் இணையத்தில்தான் கிடைக்கின்றன. அவற்றைக் கேட்கும் இடம் வீட்டுக் கணினி.

அங்கேதான் ஒரு வேடிக்கை. ரியல்டெக் மென்பொருளில் 'சூழல்' என்று ஒரு பகுதி இருந்தது. குளியலறை, கல் மண்டபம், சாக்கடைக் குழாய் என்றெல்லாம் அதில் தேர்வுகள். வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டுக்காக அதில் ஒன்றைப் போட்டுவிட்டு மறந்துபோயிருப்பார்கள். தாத்தா வந்து மந்திரி குமாரி பார்க்க உட்காருவார். சேலத்தில் ஒரே மைக்குக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு எழுத்தும் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்று உச்சரித்த வசனம், சாக்கடைக் குழாய்க்குள் உருண்டு வரும்! 'எனக்குத்தான் காது போச்சு போல' என்று அவர் நினைத்துக்கொள்வார். காது போகவில்லை. ஒரு டிக் எடுக்கப்படாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

பழைய படத்துக்கு ஆறு ஸ்பீக்கர் தேவையில்லை. அது ஒரு வாய்க்காகச் செய்யப்பட்டது. எல்லா விளைவுகளையும் நிறுத்தி, 'ஸ்டீரியோ' என்று வைத்து, முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கரில் மட்டும் விட்டால், குரல் தானாகவே நடுவில் வந்து நிற்கும். பிளம்லைன் 1931-இல் கண்டது அந்த அதிசயத்தைத்தான்.

சரவுண்ட் சவுண்டின் வெற்றியை ஜன்னல் அதிர்வதை வைத்து அளக்கவேண்டாம். அறையில் மூத்தவர் யாரோ அவரிடம் கேட்டால் போதும்: "வசனம் புரியுதா?" ஆம் என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது. இல்லை என்றால் முதலில் பார்க்கவேண்டியது ஆரஞ்சு வயரை!